லோ புரொஃபைல் டயர் கேள்வி பதில்: ரிம் வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க

வண்டி, வேரியன்ட், இப்ப இருக்கற டயர் சைஸ், அதிகமா ஓடற ரோடு, இந்த நாலையும் எழுதிக் கேளுங்க. கார் டயர் மட்டும். லோ புரொஃபைல்னா சைடுவால் (டயரோட பக்கச்சுவர்) உயரம் கம்மியா இருக்கற டயர். அலாய்னா அலுமினியக் கலவை ரிம்.

கோவை, ஸ்விஃப்ட்: ஏனுங்ணா, ஸ்விஃப்ட் டாப் வேரியன்ட், 185/65 ஆர்15 இருக்குதுங்க. அலாய் மாத்தி லோ புரொஃபைல் போடலாமுன்னு இருக்கறேன். 16 இஞ்சா 17 இஞ்சா? வாரம் ரெண்டு தடவ திருப்பூர் போயிட்டு வரணும்.

பதில்: 16ல நிறுத்திக்குங்க தம்பி. 17 வேண்டாம். ஏன்னு கணக்காவே பாத்துருவோம்.

185ங்கறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 65ங்கறது அந்த அகலத்துல 65 சதவீதம் சைடுவால் உயரம், 120 மி.மீ. வருது. 15 இஞ்ச் ரிம் 381 மி.மீ. மேல ஒரு சைடுவால், கீழ ஒரு சைடுவால் சேத்தா மொத்த விட்டம் 621.5. புது டயர் இந்த விட்டத்தை விட்டு ரொம்ப நகரக்கூடாது. நகந்தா ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், கியர் இழுவை எல்லாமே மாறும். மூணு சதவீதம் வரைக்கும் போலாம்னு பொதுவா சொல்லுவாங்க. ரெண்டுக்குள்ள வச்சுக்கறது நல்லது.

195/55 ஆர்16 விட்டம் 620.9. 205/45 ஆர்17 விட்டம் 616.3. ரெண்டுமே விட்டக் கணக்குல தேறிருது. ஆனா சைடுவாலைப் பாருங்க: 120ல இருந்து 16க்கு 107, 17க்கு 92. குழியோட விளிம்புல ஏறும்போது ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவுல நசுங்கறது அந்த 92 மி.மீ. தான். ட்ரெய்னேஜுக்குத் தோண்டி, மண்ணைக் கொட்டி மூடி, தார் போடாம விட்ட ரோடு திருப்பூருக்குள்ள வேணுங்கற அளவு இருக்கு. 60ல போயி அதுல விழுந்தா சைடுவாலுக்குள்ள இருக்கற நூல் அறுந்துரும். வெளிய ரப்பர் முழுசாத்தான் தெரியும். ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு அந்த இடம் மட்டும் புடைச்சு நிக்கும். பல்ஜ் வந்த டயருக்கு ரிப்பேர் கிடையாது, கழட்டிப் போட வேண்டியதுதான். கூடவே ரிம்மோட உள்பக்க விளிம்பும் வளைஞ்சிருக்கும். அது உள்பக்கம்ங்கறதால காத்து மெல்ல இறங்கறப்பதான் தெரியவரும்.

நம்ம ஊர் ரோட்டுக்கு சைடுவால் 100 மி.மீ.க்குக் கீழ போகாதீங்க. இதுதான் இந்தக் கேள்வி பதில் முழுசுக்கும் என்னோட அளவு.

அடுத்தது லோட் இண்டெக்ஸ். கடையில இதை யாருமே கேக்கறதில்ல, அதனால அழுத்திச் சொல்றேன். உங்க டயர் சைஸுக்குப் பின்னாடி 88ஹெச் மாதிரி ஒண்ணு அச்சடிச்சிருக்கும். 88ன்னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், ஹெச்ன்னா மணிக்கு 210 கி.மீ. வேகம். 87ன்னா 545 கிலோ, 84ன்னா 500 கிலோ. கம்பெனி குடுத்த எண்ணுக்குக் கீழ போகவே கூடாது. 195/55 ஆர்16ல 87ம் வருது, 91 எக்ஸ்எல்லும் (கூடுதல் சுமை தாங்கற வகை) வருது. 91 தேடி வாங்குங்க. கிடைக்கலைன்னா ரிம்மை மாத்தாம 195/60 ஆர்15 88 போடுங்க. விட்டம் 615, ஒரு சதவீதம்தான் குறையுது. ஆனா ரிம் 5.5 இஞ்ச் அகலமாவது இருக்கணும். ரிம்முக்கு உள்பக்கம் 5.5ஜேன்னு இருக்கும், பாத்துக்குங்க.

பொள்ளாச்சி, ஐ20: புது அலாய் போட்டதுல இருந்து 90 தாண்டுனா ஸ்டீரிங் ஆடுதுங்க. மூணு தடவ பேலன்சிங் பண்ணியாச்சு.

பதில்: பேலன்சிங் குறையில்லீங்க, சென்டர் போர் (ரிம்மோட நடுத்துளை) குறையா இருக்கும். உங்க ஹப் (சக்கரம் மாட்டற நடுக்குமிழ்) 54.1 மி.மீ. வெளிய விக்கற அலாய்ல நிறைய 73.1 துளையோட வருது, எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும்னு. நடுவுல 19 மி.மீ. சும்மா கிடக்குது. சக்கரம் ஹப்புல உக்காராம நட்டுலயே தொங்குது. அந்த இடைவெளியை நிரப்ப 73.1க்கு 54.1 ஹப் ரிங் (வளையம்) நாலு வாங்கிப் போடுங்க. போடறப்ப ஹப்புல இருக்கற துருவை பிரஷ் வச்சுத் தேச்சு எடுத்துருங்க. வண்டி ஜாக்கில நிக்கறப்பவே நட்டை எதிரெதிரா பாதி முடுக்கி, கீழ இறக்கின பிறகு டார்க் ரெஞ்சுல (அளவு வச்சு முடுக்கற ஸ்பேனர்) முழுசா முடுக்கணும்.

நட்டையும் பாருங்க. ஹூண்டாய்க்கு 12க்கு 1.5 மரை (12 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. மரை இடைவெளி), மாருதிக்கு 12க்கு 1.25. கடையில கலந்து போட்டா மொதல் ரெண்டு சுத்து போகும், அப்பறம் நட்டு ஏறற கம்பியோட (ஸ்டட்) மரையைத் தின்னுரும்.

கரூர், போலோ: அதே நட்டு கேள்விதாங்க சார். போலோவுக்கு என்ன பாக்கணும்?

பதில்: உங்களுக்கு நட்டே இல்லை, போல்ட். பி.சி.டி. (போல்ட் துளைகள் இருக்கற வட்டம்) 5க்கு 100, அதாவது 5 துளை, 100 மி.மீ. வட்டம்; சென்டர் போர் 57.1. கம்பெனி போல்ட்டோட உக்காரும் பாகம் உருண்டை. வெளி அலாய் பெரும்பாலும் கூம்பு வடிவத் துளையோட வரும். உருண்டை போல்ட்டைக் கூம்புல முடுக்கினா மெல்லிசா ஒரு கோட்டுலதான் தொடும், ஓட ஓடத் தளரும். அலாயோட கூம்பு போல்ட்டும் சேத்தே வாங்குங்க. பழைய போல்ட்டை ஸ்டெப்னிக்கு டிக்கிலயே வச்சுக்குங்க.

ஈரோடு, ஸ்விஃப்ட்: மேல 17 வேண்டாம்னு சொல்லீட்டீங்க, ஆனா நான் 205/45 ஆர்17 88 எக்ஸ்எல் ஏற்கெனவே போட்டாச்சு. இண்டெக்ஸ் குறையலையே. குலுக்கல் தெரியாம இருக்க 30 பி.எஸ்.ஐ. வச்சு ஓட்டறேன், சொகுசா இருக்குது.

பதில்: இன்னைக்கே ஏத்துங்க. எக்ஸ்எல் டயர் அந்த 560 கிலோவைத் தாங்கறது 42 பி.எஸ்.ஐ.ல. சாதா டயர் அதே 560ஐ 36லயே தாங்கும். இண்டெக்ஸ் ஒண்ணுங்கறதால காத்தும் ஒண்ணுன்னு நினைக்கக் கூடாது. கதவோரத்து ஸ்டிக்கர்ல 33ன்னு இருந்தா, 33ஐ 42ஆல பெருக்கி 36ஆல வகுத்தா 38.5. உங்க டயருக்கு அதுதான் கணக்கு. 30ல நீங்க ஓட்டறது 92 மி.மீ. சைடுவாலை நசுக்க விட்டு ஓட்டறது.

சேலம்: இது ஆபத்தான யோசனைங்க. சேலம், கரூர் வெயில்ல 38 வச்சா ஓட ஓட 45க்குப் போயி வெடிச்சுராதா? கோடையில ரெண்டு குறைச்சுத்தான் வைக்கணும்னு எல்லா டயர் கடையிலயும் சொல்றாங்க.

பதில்: எல்லாரும் சொல்றாங்க, தப்பாத்தான் சொல்றாங்க. டயர் வெடிக்கறதுக்குக் காரணம் காத்து ஏறுறது இல்லை, காத்துக் குறைவு. காத்து குறைஞ்சா ஒவ்வொரு சுத்துலயும் சைடுவால் அதிகமா மடங்கி நிமிரும். அந்த மடங்கல்தான் சூட்டை உண்டாக்குது. சூடு ஏறி ரப்பரும் நூலும் பிரியுது. சூட்டுல சுமார் ஆறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. கூடும்ங்கறதைக் கம்பெனிக்காரன் சேத்துத்தான் ஸ்டிக்கர்ல போட்டிருக்கான். அதனாலதான் குளிர்ந்த டயர்ல அளக்கச் சொல்றது. சைடுவால்ல அச்சடிச்ச அதிகபட்ச அளவைக் குளிர்ந்த டயர்ல தாண்டாதீங்க, போதும்.

சேலம்: அப்ப பைபாஸ்ல நூறு கி.மீ. ஓட்டி நிறுத்தி அளந்தா 43 காட்டுதே, அதை 38க்கு இறக்கலாமுங்களா?

பதில்: கூடாது. சூட்டோட இறக்கினா காலையில 33தான் இருக்கும், மறுபடி காத்துக் குறைவோட கிளம்புவீங்க.

ஈரோடு: 38 வச்சா திடு திடுன்னு இடிக்குமேங்ணா.

பதில்: இடிக்கும். அந்த இடி வேண்டாம்னா 16க்கு இறங்குங்க. காத்தைக் குறைச்சு 17ஐ 16 ஆக்க முடியாது.

கோபி: அண்ணா சொல்றது சரிதானுங்க, நானும் 30ல ஓட்டி முன்னாடி ரெண்டு டயரும் ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு மட்டும் நிக்குது.

பதில்: காத்துக் குறைவோட அடையாளமே அதுதான். நடு மட்டும் தேஞ்சா காத்து அதிகம். ஒரே ஓரம் தேஞ்சா அலைன்மென்ட். ஓரத்துப் பட்டன் (ரோட்டைத் தொடற ரப்பரோட பள்ள ஆழம்) 1.6 மி.மீ.க்கு வந்திருந்தா சட்டப்படியே டயர் முடிஞ்சது. இந்தப் பேச்சை இதோட விட்டு மத்த கேள்விக்குப் போலாம்.

அவிநாசி: நைட்ரஜன் போட்டா நல்லதுங்களா?

பதில்: சாதா காத்து போதும். மாசம் ரெண்டு தடவ அளந்தாச் சரி.

மேட்டுப்பாளையம், பலேனோ: 16 இஞ்ச், 6.5 அகல அலாய் பாத்து வச்சிருக்கறேன். பழைய ரிம் 5.5, ஆஃப்செட் (ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டற முகம் வரைக்கும் உள்ள தூரம், மி.மீ.ல) 40. புதுசு ஆஃப்செட் 35. இடிக்குங்களா அண்ணா? கோத்தகிரி அடிக்கடி ஏறணும்.

பதில்: கேள்வியை முழுசா கேட்டதுக்கு நன்றி அம்மணி. அகலம் ஒரு இஞ்ச் கூடுது, பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் 5 குறையறதால சக்கரம் 5 மி.மீ. வெளிய நகருது. வெளிப்பக்கம் 17.7 மி.மீ. நீட்டும், உள்பக்கம் 7.7 மி.மீ. ஸ்ட்ரட்டை (சஸ்பென்ஷன் தூண்) நோக்கிப் போகும். உள்ள பிரச்சினை வராது. வெளியதான் கவனம்: பின்னாடி மூணு பேர் உக்காந்து, கொண்டை ஊசியில ஸ்டீரிங் முழுசா ஒடிச்சுப் பாருங்க. ஃபெண்டர் லைனர்ல (சக்கரத்துக்கு மேல உள்பக்கம் இருக்கற பிளாஸ்டிக் மறைப்பு) உரசின தடம் இருந்தா அந்த ரிம் வேண்டாம். 40 ஆஃப்செட்லயே, 6 இஞ்ச் அகலத்துல தேடுங்க. ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வைக்கற தட்டு) வச்சுச் சரிக்கட்டற யோசனைக்குப் போகாதீங்க.

லோட் இண்டெக்ஸையும் பாத்துருங்க.

தாராபுரம், ஐ20: 17 போடலாமா?

பதில்: முதல் பதில்.

நாமக்கல்: லாரிக்கு லோ புரொஃபைல் ரேடியல் எப்படிங்க?

பதில்: உங்க ஊர் டயர் பட்டறைக்காரங்க என்னைவிட நூறு மடங்கு தெரிஞ்சவங்க. அங்கயே கேளுங்க.

உடுமலை, கிரெட்டா: 215/60 ஆர்17ல இருந்து 225/50 ஆர்18.

பதில்: விட்டம் 689.8ல இருந்து 682.2, ஒரு சதவீதம். சைடுவால் 112, பரவாயில்லை. பழசு 96ன்னு இருந்தா 225/50ல 95ஐ வாங்காதீங்க, 99 எக்ஸ்எல் வாங்குங்க. காத்து எவ்வளவுன்னு மேல ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன கணக்கைப் படிங்க.

கோவை: உக்கடம் பக்கம் டயரோட பழைய அலாய் செட் வருது. வாங்கலாமுங்களா?

பதில்: ரிம்மை டயர் இல்லாம பாக்க விட்டா மட்டும் பேசுங்க. உள்விளிம்பைச் சுத்தித் துடைச்சு வெல்டு வச்ச தடம், மயிரிழை விரிசல் இருக்குதான்னு பாருங்க. பேலன்சிங் மெஷின்ல சுத்தவிட்டு விளிம்பு ஆடுதான்னு பாருங்க. வளைவை எடுத்த ரிம் பரவாயில்லை. விரிசலை வெல்டு வச்ச ரிம் எந்த விலைக்கும் வேண்டாம். டயர்ல நாலு இலக்க எண் இருக்கும். 3519ன்னா 2019ல 35ஆவது வாரம் செஞ்சது. அப்படிப்பட்டதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் எடுக்காதீங்க.

பல்லடம்: மைலேஜ் குறையுங்களா?

பதில்: குறையும். அகலமான டயர், கனமான ரிம். எவ்வளவுன்னு வண்டிக்கு வண்டி மாறும்.

பெருந்துறை: மைலேஜ் எவ்வளவு குறையும்?

பதில்: ஒரு கேள்வி மேல பாருங்க.

கோவை: போலீஸ், இன்சூரன்ஸ் தொல்லை வருங்களா சார்?

பதில்: கம்பெனி குறிச்ச அளவுல இருந்து வண்டியை மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துது. உங்க மாடலுக்கே வேற வேரியன்ட்ல கம்பெனி குடுக்கற சைஸுக்குப் போனா வாதத்துக்கு இடம் குறைவு. அலாய் செட்டை பாலிசியில துணைப்பொருளாச் சொல்லி எழுதிக்குங்க. இன்னொண்ணு: வண்டிக்கு வேற சேதம் இல்லாம டயர் மட்டும் போனா சாதாரண பாலிசி குடுக்காது. வண்டியும் சேந்து அடிபட்டாலும் டயருக்குப் பாதி விலைதான். குழியில விழுந்து ஒரு டயர் பல்ஜ் ஆனா முழுச் செலவும் உங்களது, டயர் புரொடெக்ட் (டயருக்கான கூடுதல் காப்பீடு) தனியா எடுத்திருந்தா ஒழிய.

ஆனைமலை, இன்னோவா கிரிஸ்டா டாக்சி: வால்பாறை ட்ரிப்பு. பார்வைக்கு லோ புரொஃபைல் வேணுமுங்க.

பதில்: ஏழு பேரு, மேல லக்கேஜ், நாப்பது கொண்டை ஊசி. கம்பெனி சைஸ்லயே இருங்க.

குன்னத்தூர்: காசு ஒத்து வரலீங்க, முன்னாடி ரெண்டு மட்டும் இப்ப மாத்தி, பின்னாடி அடுத்த வருசம்?

பதில்: வேண்டாங்க. முன்னாடி பிடிப்பு அதிகமாகி பின்னாடி குறைஞ்சு நின்னா மழையில வளைவுல பின்பக்கம் வழுக்கும். காசு சேரட்டும், நாலும் ஒண்ணா மாத்துங்க. மாத்தின பிறகு 100 கி.மீ. ஓடினதும் நட்டை மறுபடி டார்க் ரெஞ்சுல சரிபாருங்க. அளவு வண்டியோட புத்தகத்துல இருக்கு. கடையில இம்பாக்ட் கன் (மெஷின் ஸ்பேனர்) வச்சு முடுக்கிக் குடுத்ததை அப்படியே விட்டுறாதீங்க.