இரண்டாவது பாய்ச்சல்

மதிப்புக்குரிய ஐயா,

இந்திய நீளம் பாய்தல் வீராங்கனை அஞ்சு பொபி ஜோர்ஜ் பற்றி நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளும் நீளம் பாய்கிறவள். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 5.20 மீற்றர் பாய்ந்தாள். மாகாண மட்டத்தில் 4.80ஐத் தாண்டவில்லை. "முதல் பாய்ந்தது குருட்டுவாக்கில் வந்தது" என்கிறார்கள். அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. சர்வதேசப் போட்டி என்று கனவு காண்கிறாள். தொடர விடலாமா?

ஒரு தாய், உப்புவெளி

அன்புள்ள சகோதரி,

தொடரட்டும். ஆனால் அந்த 5.20ஐ இனி யாரும் வீட்டில் பேசவேண்டாம்.

அன்றைக்குக் காற்றை யார் அளந்தார்கள்? வினாடிக்கு 2 மீற்றருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனைப் பட்டியலிலேயே ஏறாது. மாகாணப் போட்டி கச்சான் காற்று வீசும் காலத்தில் நடந்து, ஓடுபாதையும் அதற்கு எதிர்முகமாக இருந்திருந்தால் பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை. இன்னொன்று, மிதிபலகை. அதன் அகலம் 20 சென்றிமீற்றர். அளப்பது மணல் பக்கத்து விளிம்பிலிருந்து. கால் ஒரு சாண் பின்னால் பதிந்தால் அந்தச் சாண் போனதுதான். நுனி சற்றுத் தாண்டினால் முழுப் பாய்ச்சலும் போச்சு. பயந்த பிள்ளைகள் கடைசி நாலைந்து எட்டில் பலகையைக் குனிந்து பார்ப்பார்கள். வேகம் அங்கேதான் செத்துவிடும்.

ஒரு பெரிய பாய்ச்சலைவிட இரண்டாவது பாய்ச்சல்தான் ஆளைக் காட்டும். 2022 பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் கேரளத்து ஸ்ரீசங்கரும் பகாமாசின் லகுவான் நெய்ர்னும் சரியாக 8.08 மீற்றர். இரண்டாவது சிறந்த பாய்ச்சலைப் பார்த்தார்கள்: நெய்ர்ன் 7.98, ஸ்ரீசங்கர் 7.84. தங்கம் நெய்ர்னுக்குப் போனது.

மறுப்புக் கதையும் உண்டு. 1991 டோக்கியோ உலக சம்பியன்ஷிப்பில் அமெரிக்க வீரர் கார்ல் லூயிஸ் ஒரே நாளில் 8.91 (காற்று மிகுதி), 8.87, 8.84 என்று பாய்ந்தும், சக அமெரிக்கர் மைக் பவலின் ஒரேயொரு 8.95இடம் தோற்றார். அந்த உலக சாதனை இன்றும் நிற்கிறது. ஆனால் ஒலிம்பிக்கில் பவலுக்கு இரு வெள்ளிதான். லூயிசுக்கு 1984 முதல் 1996 வரை நீளம் பாய்தலில் மட்டும் நான்கு தங்கம். 1968இல் 8.90 பாய்ந்த பொப் பீமன் அதன்பின் 8.22ஐத் தாண்டவேயில்லை. நான் லூயிஸ் கட்சி.

அஞ்சு 2003இல் உலக சம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றபோது வயது 26, பாய்ந்தது 6.70. தன் மிகச்சிறந்த 6.83ஐ எட்டியது அடுத்த ஆண்டு, ஏதென்ஸ் ஒலிம்பிக்கில். 2005இல் மொனாக்கோ உலக தடகள இறுதிப் போட்டியில் கிடைத்த வெள்ளி, முதலிடத்தவர் ஊக்கமருந்தில் சிக்கியதால் 2014இல்தான் தங்கமானது. உங்கள் மகளுக்கு அவசரமில்லை. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் பயிற்சியைக் குறைத்தால் ஒன்றும் குடிமுழுகாது. 1958இல் ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் பல்கலைக்கழகம் படித்தவர்தான்.

ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் ஆறு பாய்ச்சலையும் எழுதட்டும்: தூரம், கால் பலகையில் பதிந்த இடம், காற்று எந்தப் பக்கம், ஃபவுலா இல்லையா. மாதக் கடைசியில் ஒவ்வொரு நாளின் இரண்டாவது சிறந்த பாய்ச்சலை மட்டும் கூட்டிச் சராசரி பாருங்கள். அது ஏறிக்கொண்டிருந்தால், அடுத்த மாகாணப் போட்டிக்குப் பேரைக் கொடுத்துவிடலாம்.