38 வயதில் 'எனக்கு இது வராது' என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

கணக்குப் பிரிவில் வேலை, அலுவலகத்தில் புது மென்பொருள் வந்துவிட்டது, சின்னவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், தனக்கு மட்டும் வராது போலிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாவிட்டாலும், பக்கத்து மேசையில் யாராவது 'ஐந்தில் வளையாதது' என்று ஆரம்பித்திருப்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஐடிஐயில் டர்னர் படித்தவன், அதாவது லேத் என்ற கடைசல் மெஷினில் இரும்பைக் கடையும் தொழில். கோயம்புத்தூரில் சாதாரண லேத்தில் வருஷக்கணக்காக வேலை. நாற்பதைத் தாண்டித்தான் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின் பக்கம் வந்தேன். இன்று புரோகிராமும் எழுதுகிறேன், செட்டிங்கும் செய்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அதுவரை என்னை அந்த மெஷினிடம் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது எனக்குக் கிடைத்த பாராட்டு. 'பிறவியிலேயே வந்த கை, இவர் தொட்டா சைஸ் தானா வரும்' என்று சூப்பர்வைசர் வேலை கொடுக்கும் பார்ட்டிகளிடம் சொல்லுவார். அப்படிப் பெயர் வாங்கியவன் டிப்ளமோ முடித்த பையனிடம் போய் 'தம்பி, இது என்ன எழுத்து?' என்று கேட்க நாக்கு எழுமா? பிறகு என் மகள் பி.எட். படிக்கும்போது ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். கேரல் டுவெக், கிளாடியா முல்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, சிலரை 'நீ புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக முயன்றாய்' என்றும் பாராட்டியிருக்கிறார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள், கடினமான புதிர் ஒன்றில் தோற்றதும் ஆர்வம் குறைந்து, அடுத்ததிலும் மோசமாகச் செய்தார்களாம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

சரி, எப்படிக் கற்றேன் என்பதற்கு வருகிறேன். சிஎன்சி புரோகிராமில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு குறியீடு. ஜி00 என்றால் வேகமாகப் போ, ஜி01 என்றால் வெட்டிக்கொண்டு போ. இதெல்லாம் சுலபம். என்னைப் படுத்தியது ஜி71. தடித்த உலோகக் கம்பியிலிருந்து மெட்டீரியலைப் படிப்படியாகக் கழிக்கிற சைக்கிள் அது, ஒரே கட்டளையில் திரும்பத் திரும்ப வெட்டும். எங்கள் மெஷினை இயக்கும் ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலில் இரண்டு வரியாக எழுத வேண்டும். முதல் வரியில் 'யூ' என்றால் ஒரு தடவை வெட்டும்போது எவ்வளவு ஆழம். இரண்டாம் வரியில் அதே 'யூ' ஃபினிஷிங்குக்கு விட்டுவைக்கும் மிச்சம். ஒரே எழுத்து, இரண்டு வேலை! கடைசியில் ஷிஃப்டில் இருந்த பையனிடமே கேட்டேன். 'அண்ணா, முதல் யூ ரேடியஸ் கணக்கு, ரெண்டாவது டயா கணக்கு' என்றான். ரேடியஸ் என்றால் ஆரம், டயா என்றால் முழு விட்டம். அவ்வளவுதான். லேத்தில் உளியைத் தாங்கும் கிராஸ் ஸ்லைடை 1 மில்லிமீட்டர் உள்ளே கொடுத்தால் டயாவில் 2 குறையும் என்பது எந்த டர்னருக்கும் ரத்தத்தில் ஊறியது. முதல் யூ நான் கையால் கொடுப்பது, இரண்டாவது மைக்ரோமீட்டர் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு குழம்பியதே இல்லை.

அதே பையன் ஒரு நீள ஷாஃப்டில் சாட்டர் (வெட்டும்போது அதிர்ந்து கோடு விழுவது) வந்து முழித்துக்கொண்டு நின்றபோது, சத்தத்தை வைத்தே ஷாஃப்ட் சுற்றும் ஸ்பீடைக் குறைத்து, உளி நகரும் ஃபீடைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். கோடு விழுவது நின்றது.

'உங்களுக்கு அனுபவம் இருந்தது, அதனால் முடிந்தது' என்று கீழே யாராவது எழுதுவார்கள். இருக்கட்டும், கேட்டவருக்கும் அனுபவம் இருக்கிறதே. எந்த பட்டன் எங்கே என்று தெரியாமல் இருக்கலாம், ஒரு பில் ஏன் இடிக்கிறது என்று பார்த்ததும் சொல்லத் தெரியும். எல்லாருக்கும் எல்லாம் வரும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் உடம்புக்கு முடியாதவர்களை வைத்துக்கொண்டு இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறவரிடம் போய் மனப்பான்மை பற்றிப் பேசுவதும் அநியாயம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் இருந்த இடத்தில் ஒரு பேச்சாளரை வரவழைத்து, மனதை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்று நாள் முழுக்கப் பேச வைத்தார்கள். அடுத்து புது கன்ட்ரோலுக்குப் பயிற்சி வந்தபோது பட்டியலில் ஐடிஐ ஆள் ஒருத்தர் பெயர்கூட இல்லை. மேனுவல் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரை வைத்து 2019இல் வெளியான ஆய்விலும், கூடப் படிக்கிறவர்கள் கடினமானதை எடுத்துச் செய்வதை மதிக்கிற பள்ளிகளில்தான் 'முயன்றால் திறமை வளரும்' என்று மனதை மாற்றச் சொல்லித் தருகிற பயிற்சி மதிப்பெண்ணை உயர்த்தியது என்று வந்ததாம். எங்களிடம் மனதை மாற்றச் சொல்கிறவர்கள் முதலில் அந்த அலமாரியைத் திறக்கட்டும்.

நீங்கள் உங்கள் மேலாளரிடம் ஒன்று கேளுங்கள். மாதக் கடைசி நெருக்கடி இல்லாத நாளில், பழைய மாதக் கணக்கின் நகலை வைத்துப் பழக ஒரு மணி நேரம் வேண்டும் என்று. அப்புறம் சின்னவர்களிடம் போகும்போது 'எனக்கு ஒண்ணும் புரியல' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் திரையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் அவர்களும் சலிக்காமல் சொல்லித் தருவார்கள்.