சென்னையில் வீட்டுக்கு மது டெலிவரி: அந்த எண்ணுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்

சகோ, கொல்கத்தாவில் செயலியில் ஆர்டர் செய்து பழகிவிட்டு, இங்கே வந்து கூகுளில் கிடைத்த ‘ஒயின் ஷாப் டெலிவரி’ எண்ணுக்கு 500 ரூபாய் அனுப்பியிருக்கிறீர்கள். இப்போது அந்த எண்ணில் பேசுபவன் ‘பில் சரிபார்க்க’ ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறான். செய்யாதீர்கள். ஸ்கேன் செய்து யுபிஐ பின் (PIN) நம்பர் போட்டால் பணம் போகும், வராது.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு மது டெலிவரி என்பதே கிடையாது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் அரசே அனுமதித்தது வேறு கதை. மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம், அதாவது அந்தந்த மாநில அரசே முடிவு செய்வது; மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும்.

இங்கேயும் ஒருமுறை பேச்சு அடிபட்டது. 2020 மே மாதம், ஊரடங்கில் கடை திறந்த மறுநாளே கூட்டத்தைப் பார்த்து சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொல்லி, ஆன்லைனில் விற்கலாம் என்றது. தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போய் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கியது. வரிசைதான் திரும்பி வந்தது, டெலிவரி வரவில்லை.

சரி, போன 500க்கு: உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அனுப்பிய ரசீது, அரட்டை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் அவனை பிளாக் செய்யுங்கள். மது வாங்கப் போய் ஏமாந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. அங்கே தினமும் கேட்கிற கதைதான்.