மினுங்கும் இலையை நம்பாதீர்கள்

கேள்வி: ஐயா, ஆனி மாதம் ஒரு பூங்கன்றுக் கடையில், மஞ்சள் பூப் பூக்கும் மருந்துச் செடியான பொற்றலைக் கையாந்தகரை என்று நாற்பது கன்று வாங்கி, நிலாவெளித் தோட்டத்தில் நட்டேன். கச்சான் என்ற வறண்ட காற்றில் பாதி கருகிவிட்டது. மிச்சம் மினுங்கும் இலையோடு நன்றாகப் படர்கிறது. அதில் தடி வெட்டி, வேர்விடும் மாவு தொட்டு நடலாமா? வைத்தியர் ஒருவர் இலை கேட்டிருக்கிறார்.

பதில்: தங்கச்சி, மாவை விடுங்கள். மணல் தரையில் கச்சானுக்குத் தப்பிப் படர்கிறதே, அதில்தான் எனக்குச் சந்தேகம். ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். தடித்து, மினுங்கி, இரு பக்கமும் காது வைத்ததுபோல் மூன்றாகப் பிரிந்திருந்தால் அது பொற்றலை அல்ல. மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து அழகுக்காக வந்த செடி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. நம்முடைய பொற்றலைக்கு இலை ஒடுக்கம், தொட்டால் சொரசொரக்கும், பூவும் சிறியது. வயல் வரம்பு, வாய்க்கால் ஓரம் என்று ஈரம் தேடி வளர்வது. உங்கள் மணலில் கருகியவைதான் ஒருவேளை அசலாக இருந்திருக்கும்.

மஞ்சள் பூ பூத்தால் போதும், மருந்துச் செடி என்று விற்றுவிடுகிறார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கித் தென்னையடியில் நட்டு, மூன்று மாரி பிடுங்கினேன். மண்ணில் அறுந்து கிடந்த ஒவ்வொரு கணுவும் திரும்ப முளைத்தது. மருந்துச் செடியைக் கடையில் வாங்கவே கூடாது என்பது அன்றிலிருந்து என் பிடிவாதம். தாய்ச்செடியைக் கண்ணால் பார்த்துத் தடி எடுங்கள். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். பூவோடு ஒரு கொப்பைக் காட்டிக் கேளுங்கள். அதுவரை வைத்தியருக்கு ஓர் இலைகூடக் கொடுக்க வேண்டாம்.

அசல் தடி கிடைத்தால் ஐப்பசி மழை விழுந்தபின் நடுங்கள். நாலைந்து அங்குலம், மூன்று கணு, இரண்டு மண்ணுக்குள். கிணற்றடியில் தண்ணீர் வழிந்தோடும் இடமே போதும். மக்கிய மாட்டெரு கலந்து, கிடுகு சாய்த்து அரை நிழல் கொடுங்கள். கணுவிலேயே வேர் விடும் செடிக்கு மாவு வாங்குவது வீண் காசு.

இப்போது படர்வதை வேரோடு பிடுங்கிச் சீமெந்துத் தரையில் மொறுமொறுவென்று காயவிட்டு எரியுங்கள். வாய்க்காலில் மட்டும் எறிந்துவிடாதீர்கள்.