ரோ மானுக்கு .223 போதுமா? எல்லை தாண்டினால் மாறும் காலிபர் விதிகள்

கேள்வி: இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் வசிக்கிறேன். பண்ணைக்காரர் ஒருவர் தன் நிலத்தில் மான் சுட எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார். அங்கே முன்ட்ஜாக் என்ற குட்டி மானும் ரோ மானும் வருகின்றன. என் உரிமத்தில் முயலுக்கான .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டா ரைஃபிள் மட்டுமே இருக்கிறது. .223 சேர்த்துக் கேட்டால் போதுமா, .243 வேண்டுமா? ஸ்காட்லாந்துக்கும் நண்பர் அழைக்கிறார். ஒரே ரைஃபிள் இரண்டு இடத்துக்கும் ஆகுமா?

பதில்: .243 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடும் ரைஃபிளுக்கே விண்ணப்பியுங்கள். .223 வைத்து உங்கள் பண்ணையில் முன்ட்ஜாக்கைச் சுடலாம். பக்கத்தில் மேயும் ரோ மானைச் சுட்டால் குற்றம். .22 ரிம்ஃபயரை எந்த மானுக்கும் எடுக்கவே கூடாது.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம் பொருந்தும். அதன்படி ரைஃபிளின் காலிபர், அதாவது குழலின் உள்விட்டம், .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குண்டு குழல் முனையை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. குண்டு மென்முனையோ குழிமுனையோ கொண்டதாக இருக்க வேண்டும். 2007-இல் உருவில் சிறிய இரண்டு மான்களுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தினார்கள். ஒன்று முன்ட்ஜாக், நம் ஊர்க் கேளையாட்டின் சீன உறவு. மற்றது சீன நீர்மான். இவ்விரண்டுக்கும் .220 அங்குலக் காலிபர், 1,000 அடி-பவுண்டு ஆற்றல், குறைந்தது 50 கிரெயின், அதாவது 3.24 கிராம், எடையுள்ள குண்டு இருந்தால் போதும். ரோ மான் இந்தச் சலுகையில் சேரவில்லை. முன்ட்ஜாக்கைவிட ரோ கொஞ்சம்தானே பெரியது என்று நினைத்துப் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் ஸ்காட்லாந்து. அங்கே 1985-ஆம் ஆண்டின் ஆணை காலிபரைப் பற்றிப் பேசுவதே இல்லை. குண்டின் எடையையும் வேகத்தையும் ஆற்றலையும்தான் கேட்கிறது. ரோ மானுக்குக் குறைந்தது 50 கிரெயின் எடை, வினாடிக்கு 2,450 அடி வேகம், 1,000 அடி-பவுண்டு ஆற்றல். ஆகவே நல்ல .223 தோட்டாவால் அங்கே ரோ மானைச் சட்டப்படி சுடலாம். சிவப்பு மான், சிகா, ஃபேலோ என்று பெரிய மான்களுக்குப் போனால் 2,450 அடி வேகத்தோடு 1,750 அடி-பவுண்டு வேண்டும். அவற்றுக்கான குண்டின் எடை முன்பு குறைந்தது 100 கிரெயினாக இருந்தது. 2023-இல் 80 ஆக்கினார்கள். உரிமத்தை எந்த ஊர் போலீஸ் தந்திருந்தாலும், நீங்கள் சுடும் மண்ணின் விதியே உங்களைக் கட்டும். ஸ்காட்லாந்துப் பழக்கத்தை நார்ஃபோக்குக்குக் கொண்டுவராதீர்கள். வட அயர்லாந்தின் விதி இன்னும் வேறு: .236 அங்குலம், 1,700 அடி-பவுண்டு, 100 கிரெயின்.

ரைஃபிளில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். .22 ஹார்னெட் என்ற தோட்டாவின் குண்டு .224 அங்குலம் இருக்கிறது. முன்ட்ஜாக் விதியின் காலிபர் அளவைத் தாண்டிவிடுகிறது. ஆனால் 45 கிரெயின் குண்டு 2,690 அடி வேகத்தில் தருவது 723 அடி-பவுண்டுதான். எடையிலும் ஆற்றலிலும் தோற்கிறது. பழைய .30-30 இதற்கு நேர்மாறு. 150 கிரெயின் குண்டு 2,390 அடி வேகத்தில் சுமார் 1,900 அடி-பவுண்டு தரும். இங்கிலாந்தில் தாராளமாகச் செல்லும். ஸ்காட்லாந்தில் 2,450 அடி வேகத்தைத் தொடாததால் ரோ மானுக்குக்கூடச் செல்லாது.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் இருமுறை பெருக்கி, 4,50,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வரும். .243-இல் 100 கிரெயின் குண்டுக்குப் பெட்டியில் 2,960 அடி என்று போட்டிருந்தால் விடை 1,946. எல்லா இடத்துக்கும் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பெட்டியில் உள்ள வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. ஒலி அடக்கி மாட்டினால் நீளம் கூடும் என்று 18 அங்குலக் குழலை விரும்புகிறவர்கள் அதிகம். இந்த வகைத் தோட்டாவில் குழல் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் ஏறக்குறைய 30 அடி குறையும். ஆறு அங்குலத்துக்கு 180 அடி போனால் மிச்சம் 2,780; ஆற்றல் 1,716. இங்கிலாந்தில் மயிரிழையில் தேறும். ஸ்காட்லாந்தில் சிவப்பு மானுக்குத் தேறாது. பெண்மான் பருவம் கடும் குளிரில் வருகிறது. குளிரில் தோட்டா மருந்து மெதுவாக எரிந்தால் அந்த மயிரிழையும் போய்விடும். எனவே .243 வாங்கினால் 22 அங்குலத்துக்குக் குறையாத குழலாகப் பாருங்கள். குட்டைக் குழல்தான் வேண்டுமென்றால் .308-க்கு மாறுங்கள்: 150 கிரெயின் குண்டு 2,820 அடியில் சுமார் 2,650 அடி-பவுண்டு தருவதால் 18 அங்குலத்திலும் கவலை இல்லை. எதை வாங்கினாலும் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்றைக் கடன் வாங்கியாவது, உங்கள் ரைஃபிளில், நீங்கள் வாங்கும் தோட்டாவை ஐந்தாறு முறை சுட்டு வேகத்தை அளந்து எழுதி வையுங்கள்.

அடுத்தது குண்டின் வகை. முழு உலோக உறை போட்ட பயிற்சிக் குண்டு மானுக்குக் கூடாது. உடலுக்குள் விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் மைல் கணக்கில் ஓடி எங்கோ புதரில் மெல்லச் சாகும். சட்டம் இத்தனை எண்களைக் கட்டி வைத்திருப்பதே அந்தச் சித்திரவதையைத் தடுக்கத்தான். இலக்குப் போட்டிக்கான குழிமுனைக் குண்டையும் தவிர்த்துவிடுங்கள். முனையில் குழி இருந்தாலும் அது விரிவதற்காகச் செய்ததல்ல. ஸ்காட்லாந்து விதி குண்டு எதிர்பார்த்தபடி விரியும் வகையில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. பெட்டியில் மான் வேட்டைக்கென்று குறித்ததை வாங்குங்கள்.

ஈயத்தை விட்டுச் செம்புக் குண்டுக்கு மாறுகிறவர்கள் எடையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். உள்வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுகும் .243 குழலில் 100 கிரெயின் செம்புக் குண்டு நிலையாகச் சுழலாமல் தடுமாறும்; 80, 85 கிரெயின்தான் ஒத்துவரும். 2023-இல் ஸ்காட்லாந்து எடை வரம்பைக் குறைத்ததன் காரணம் இதுவே. 80 கிரெயின் குண்டு 3,200 அடி வேகத்தில் 1,819 அடி-பவுண்டு தரும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டிலும் செல்லும். வட அயர்லாந்தில் எடையில் அடிபடும். நரிக்கென்று விற்கும் 58 கிரெயின் .243 தோட்டா இங்கிலாந்தில் ஆற்றல் கணக்கில் தேறினாலும், தோள் எலும்பில் பட்டு மேலோடு சிதறிவிடக்கூடிய மெல்லிய குண்டு அது. மானுக்கு வேண்டாம்.

விண்ணப்பத்துக்கு வருவோம். துப்பாக்கி உரிமம் தருவது உள்ளூர்க் காவல்துறை. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனியாகத் தக்க காரணம் காட்ட வேண்டும். "மான் வேட்டை" என்று மொட்டையாக எழுதாமல், நிலத்தின் பெயர், அனுமதிக் கடிதம், அங்கே வரும் மான் இனங்கள், ஸ்காட்லாந்து அழைப்பு எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். தோட்டா எத்தனை வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்தில் எழுதப்படும்; குறியைச் சரிசெய்யவும் பயிற்சிக்கும் சேர்த்துக் கேளுங்கள். முதல்முறை மான் ரைஃபிள் பெறுகிறவருக்கு, அந்தக் காலிபருக்கு ஏற்றதென்று காவல்துறை கருதும் நிலங்களில் மட்டுமே சுடலாம் என்ற நிபந்தனை வழக்கமாக வரும். நார்ஃபோக் தட்டையான நிலம். குண்டு தைத்து நிற்க மண்மேடோ சரிவோ எங்கே இருக்கிறது, மேடை போட்டு மேலிருந்து சுட முடியுமா என்பதைப் பண்ணைக்காரரோடு நடந்து பார்த்து வைத்துக்கொண்டால் அதிகாரி கேட்கும்போது பதில் தயாராக இருக்கும்.

உரிமத்தில் .243 என்று எழுதிய இடத்தில் 6.5 கிரீட்மோர் என்ற வேறு காலிபர் ரைஃபிளை வாங்க முடியாது. மனம் மாறினால், ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை எடுக்கும் மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மாற்றம் உரிமத்தில் ஏறிய பிறகே கடைக்குப் போக வேண்டும். வாங்கியதும் விற்பவர் உங்கள் உரிமத்தில் விவரத்தைப் பதிவார். அதோடு விட்டுவிடாமல், 7 நாளுக்குள் நீங்களும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.