குழுவில் ‘குட் மார்னிங்’ மட்டும்தான் வருகிறது!

கேள்வி: கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். எங்கள் மாணவர்கள் 24 பேரையும் மலேசியக் கல்லூரி மாணவர்களையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, பனையோலைப் பெட்டி ஏற்றுமதியைப் பழக்குகிறோம். ஒரு மாதமாக ‘குட் மார்னிங்’ தவிர ஒன்றும் நடக்கவில்லை. என்ன தவறு?
– ஆசிரியை, சாயல்குடி

பதில்: கூட்டம்தான் தவறு. நாலைந்து பேராகப் பிரித்துவிடுங்கள். இங்கே இரண்டு குழு விற்கட்டும், அங்கே இரண்டு வாங்கட்டும். ஒரு குழு வங்கி, இன்னொன்று கஸ்டம்ஸ். விசாரணைக் கடிதம், கொட்டேஷன், ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என ஒரு காகிதம் வந்தால்தான் அடுத்தது நகர வேண்டும். வாட்ஸ்அப்பில் பழைய கடிதத்தைத் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்; பாடம் நடத்த உதவும் இலவச மென்பொருளான மூடுலில் (Moodle) ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி உரையாடல் இழை தொடங்குங்கள்.

நேரலை வகுப்பை நம்பாதீர்கள். இங்கே மாலை 3 மணி என்றால் அங்கே 5.30, பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். எழுத்தில் பதில், 48 மணி நேரக் கெடு போதும்.

கஸ்டம்ஸ் குழுவுக்குக் கண்டிப்பான பிள்ளைகளைப் போடுங்கள். இன்வாய்ஸில் 50 பெட்டி, பேக்கிங் லிஸ்டில் 48 என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். சரக்குகளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில், முடைந்த ஓலைப் பெட்டி 4602 என்ற தலைப்பில் வரும். முழுக் குறியீட்டில் முதல் 6 இலக்கம் உலகுக்கே பொது, நம் நாட்டில் 8 இலக்கம் எழுத வேண்டும்.

எல்லாரும் வழுக்கி விழும் இடம் கூரியர் கட்டணம். பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாகக் கணக்கிடுவார்கள். 40×30×25 செ.மீ. அட்டைப்பெட்டியின் கன அளவை 5,000-ஆல் வகுத்தால் 6 கிலோ. உள்ளே இருக்கும் ஓலைக் கொட்டானோ ஒரு கிலோகூடத் தேறாது. கட்டணம் 6 கிலோவுக்குத்தான். நிஜ எடையை வைத்து விலை சொன்ன குழு அங்கேயே நஷ்டம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி மூன்று அளவில் முடையச் சொன்னால் அதே அட்டையில் மூன்று போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிளாஸ்டிக் உறையில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் வாங்குபவர் குழு புகாராக எழுப்பட்டும்.

கேள்வி: இந்தப் பெட்டிகளை நிஜமாகவே வெளிநாட்டுக்கு விற்கலாமா?
– மாணவர், தொண்டி

பதில்: விற்கலாம். பான் அட்டையை வைத்து ஆன்லைனில் ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் வாங்குங்கள், கட்டணம் ரூ.500. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் எண் முடங்கும். சிறு பார்சலைத் தபால் ஏற்றுமதி மையம் வழியாகவே அனுப்பலாம். ஓலையில் தொடங்குங்கள். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அதை அனுப்ப நறுமணப் பொருள் வாரியப் பதிவும் வேண்டும். கருவாடு இன்னும் சிக்கல்.