வகுப்பில் மரியாதை இல்லாமல் பேசும் மாணவனை நகைச்சுவையால் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதில் கவனம் வேண்டும். பின்பெஞ்சிலிருந்து "சார், செம போர்!" என்று ஒரு குரல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் சுற்றியிருக்கும் நாற்பது பேர் கேட்கத்தான் அதைச் சொல்கிறான். நீங்கள் கத்தினால் அவன் எதிர்பார்த்த வேடிக்கை கிடைத்துவிடும். "எனக்கே கொட்டாவி வருதுப்பா, இந்த ஒரு கணக்கை முடிச்சிட்டா நிம்மதி. வா, முதல் வரியை நீ போடு" என்று சாக்பீஸை நீட்டிப் பாருங்கள். வகுப்பே சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். உடனே பாடத்துக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டாவது ஜோக் அடித்தால் அது போட்டியாகிவிடும்.

அவனுடைய மார்க், நிறம், சாதி, வீட்டு நிலைமை பக்கமே போகாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், அடிப்பதோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ("நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதை இன்னும் நகைச்சுவை என்று நினைக்கும் ஆசிரியர்கள் நம்மில் உண்டு!)

அப்புறம், கெட்ட வார்த்தை, சக மாணவியைச் சீண்டுவது போன்றவற்றுக்கு ஜோக்கே வேண்டாம். அங்கேயே கண்டிப்பாக நிறுத்திவிட்டு, மணி அடித்ததும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.